வலியை அடக்கும் அதே மருந்து மூச்சையும் அடக்குமா? உடம்புக்குள்ள நடக்குற 'பூட்டு - சாவி' விளையாட்டு!

ஆபரேஷன் முடிஞ்சு வலியில துடிக்கிறவருக்கு மார்ஃபின் ஊசி போட்டா, கொஞ்ச நேரத்துல அமைதியாகிடுவார். காயம் ஆறலை, வலிச் செய்தி மூளைக்குப் போறதுதான் குறைஞ்சிருக்கு. எப்படி?

நரம்பு செல்களின் மேல் 'ஓபியாய்டு ரிசப்டர்' என்ற புரதங்கள் உண்டு. இவைதான் பூட்டு, மார்ஃபின் அதுக்கான சாவி. 1973-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் இதை நிரூபித்தார்கள்.

சரி, அபினிச் செடியில் இருக்கும் பொருளுக்கு நம்ம மூளையில எதுக்குப் பூட்டு? 1975-ல் ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து 'என்கெஃபலின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பே தயாரிக்கும் ஒரிஜினல் சாவி அது! மார்ஃபின் வெறும் டூப்ளிகேட்.

செல்லுக்குள் என்ன நடக்கும்?

சாவி பொருந்தியதும், ரிசப்டரின் உள்பக்கம் உள்ள 'ஜி புரோட்டீன்' வேலையைத் தொடங்கும்.

* கால்சியம் உள்ளே வரும் வழி அடைபடும். வலிச் செய்தியைக் கடத்தும் ரசாயனம் குறைவாகவே வெளியேறும்.
* பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கும். செல் எளிதில் தூண்டப்படாது.
* 'சைக்ளிக் ஏஎம்பி' என்ற உள்தூதுவர் குறையும்.

ஆபத்து எங்கே?

மியூ, டெல்டா, கப்பா என மூன்று முக்கிய வகைகளில், மார்ஃபின் பெரும்பாலும் பிடிப்பது மியூவை. அது வலிப் பாதையில் மட்டுமில்லை. மூச்சை இயக்கும் முகுளத்திலும் குடலிலும் இருக்கு. அதனாலதான் மலச்சிக்கல் வருது. அளவு மீறினால் மூச்சு மெதுவாகி, நின்றே போகலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

தொடர்ந்து எடுத்தால் ரிசப்டர்கள் மந்தமாகும். பழைய டோஸ் பத்தாது. கை தானா அடுத்த மாத்திரையைத் தேடும்.

அளவு மீறியவரைக் காப்பாற்ற 'நாலோக்சோன்' என்ற மருந்து உண்டு. அது பூட்டில் நுழைந்து மார்ஃபினை வெளியே தள்ளும். ஆனா பூட்டைத் திறக்காது. அதன் வேலை சீக்கிரம் முடிஞ்சிடலாம், மூச்சு மறுபடியும் தடுமாறலாம். அதனால ஆஸ்பத்திரி கண்காணிப்பு கட்டாயம்.

டிராமடாலும் இதே பூட்டைத் தொடும் மருந்துதான். இந்தியாவில் 2018 முதல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கு. டாக்டர் எழுதித் தந்தால் சொன்ன அளவில் எடுத்துக்கோங்க, பயம் வேண்டாம். பல நாள் சாப்பிட்டிருந்தால், நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. ஆனா, ஃபிரெண்டோட மிச்ச மாத்திரையை வாங்கிப் போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம் மக்களே!