எண்ணெய்யும் அரியணையும் – 17: ஃபில்பி விற்றது எதை?

1945 பிப்ரவரி 14 அன்று, சூயஸ் கால்வாயை ஒட்டிய பெரிய கசப்பு ஏரியில் நின்ற 'க்வின்சி' போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட்டும் இப்னு சவூதும் சந்தித்த கதையை இந்த வாரம் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் அந்தச் சந்திப்புக்கு 12 ஆண்டுகள் முன்பே ஜித்தாவில் அமெரிக்கர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது யார் என்ற வழக்கு தீராமல் கப்பலில் ஏறுவதில் அர்த்தமில்லை. அது ஃபில்பி என்ற ஒரே ஆள் செய்த துரோகம் என்று ஆங்கிலேயர்கள் நெடுநாள் பேசி வந்தார்கள். அவருடைய மகன் கிம் ஃபில்பி பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ளேயே இருந்துகொண்டு சோவியத்துக்கு உழைத்து, 1963-ல் பெய்ரூட்டிலிருந்து மாஸ்கோவுக்குத் தப்பிய பிறகு, துரோகம் அந்த வீட்டுப் பரம்பரைச் சொத்து என்று எழுதுவது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. சுவாரசியமான கதைதான். கணக்குப் புத்தகம் வேறு சொல்கிறது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். இப்படி ஒருவர் கிடைக்கும்போது அவசரப்பட்டுக் கடந்து போகக் கூடாது. ஹாரி செயின்ட் ஜான் ஃபில்பி 1885-ல் இலங்கையின் பதுளையில், ஒரு தோட்டத்துரையின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பஞ்சாபில் வேலை பார்த்தார். 1917-ல் பிரிட்டனின் தூதராக இப்னு சவூதிடம் அனுப்பப்பட்டவர், போன இடத்திலேயே அந்த மனிதரிடம் மனதைப் பறிகொடுத்தார். மேலதிகாரி யாராக இருந்தாலும் சண்டை போடுவது அவருடைய பிறவிக்குணம். 1920-களின் நடுவில் பிரிட்டிஷ் பணியை உதறிவிட்டு ஜித்தாவில் கடை விரித்தார். ஃபோர்டு கார் விற்றார். 1930-ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார். ரூப் அல்-காலி என்னும் வெற்றுப் பாலையை முதலில் கடந்த ஐரோப்பியர் என்ற பெருமைக்காகப் பல ஆண்டு காத்திருந்தார். 1931-ல் பெர்ட்ராம் தாமஸ் முந்திக்கொண்டதும் மனமுடைந்து போனவர், அடுத்த ஆண்டே இன்னும் கடினமான வழியில் தானும் கடந்து காட்டினார். மணலில் புதைந்த வபார் நகரத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தவை விண்கல் விழுந்த பள்ளங்கள். வழியெல்லாம் பறவைகளைச் சேகரித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார். அரேபியக் கௌதாரி ஒன்றின் அறிவியல் பெயரில் அவரும், மரங்கொத்தி ஒன்றின் பெயரில் மனைவி டோராவும் இன்றும் இருக்கிறார்கள். அந்த மனைவிக்கு அனுப்பத்தான் கையில் காசு இருக்காது. மகனுக்கு கேம்பிரிட்ஜ் செலவு. அவருடைய கம்பெனிக்கோ சவூதி அரசு தர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போனது.

அரசாங்கம் எங்கிருந்து தரும்? இப்னு சவூதின் வருமானமே ஹஜ் யாத்திரிகர்கள்தான். உலகப் பொருளாதார மந்தத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர்வரை வந்துகொண்டிருந்த இடத்தில் 1933-ல் வந்தவர்கள் சுமார் 20,000 பேர். கஜானா காலி. அரசருக்கு அப்போது எண்ணெய் ஆசைகூட இல்லை, தண்ணீர் ஆசைதான். தண்ணீர் தேடுவதற்காக சார்லஸ் கிரேன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அனுப்பிய பொறியாளர் கார்ல் ட்விட்செல்தான் அல்-ஹஸாவில் எண்ணெய்க்கு வாய்ப்பிருக்கிறது என்று வாயைத் திறந்தவர். பக்கத்து பஹ்ரைனில் 1932-ல் எண்ணெய் பீறிட்டது. தோண்டியது கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில், சுருக்கமாக சோகால். 1933-ன் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியின் வழக்கறிஞர் லாயிட் ஹாமில்டன் ஜித்தாவில் வந்திறங்கினார். அவரைத் தொடர்ந்து ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் சார்பில் ஸ்டீபன் லாங்ரிக் வந்தார். இந்தக் கட்டத்தில்தான் ஃபில்பி மாதம் 1,000 டாலருக்கு சோகாலின் ரகசிய ஆலோசகரானார். விஷயம் தெரியாத லாங்ரிக், நம்மவர்தானே என்று அவரிடமே மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். இது அயோக்கியத்தனமா என்றால், ஆமாம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அயோக்கியத்தனம் இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்குமா? லாங்ரிக் மனம்விட்டுச் சொன்னதே அதற்குப் பதில். தங்கள் கம்பெனிக்கு மேற்கொண்டு எண்ணெய் தேவையில்லை, மற்றவர்கள் உள்ளே வராமல் இருந்தால் போதும் என்பதே அவர் பேச்சின் சாரம். அது வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. 1927-லேயே கிர்குக்கில் எண்ணெய் பொங்கிவிட்டது. அதை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் 1934-ல்தான் முடிந்தது. டெக்சாஸ் எண்ணெய் சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்து விலையைச் சரித்திருந்தது. கம்பெனியின் பெரும் பங்காளியான ஆங்கிலோ-பெர்ஷியனுக்கு ஈரான் எண்ணெயே போதும் போதும் என்றிருந்தது. 1928-ன் சிவப்புக் கோட்டு ஒப்பந்தத்தை ஆறேழு வாரம் அலசிவிட்டோம். ஒருவரை ஒருவர் முந்தவிடாமல் கட்டிப்போட்ட அந்தக் கயிறுதான் கல்ஃப் கம்பெனியைப் பஹ்ரைன் உரிமையை சோகாலுக்கு விற்க வைத்தது. சோகால் அந்தக் கோட்டுக்குள் கையெழுத்துப் போடாத கம்பெனி. வெளிநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் இல்லாத கம்பெனி. ஆக ஏலத்தில் நின்ற இருவரில் ஒருவருக்குப் பசி, மற்றவர் வைக்கோற்போரில் படுத்த நாய். அரசர் தரப்பு முதலில் கேட்டது 1,00,000 தங்கப் பவுன். லாங்ரிக்கின் கம்பெனி 10,000-க்கு மேல் ஏற மறுத்தது. சோகால் கடனும் முதலாண்டு வாடகையுமாக 35,000 கொடுக்க ஒப்புக்கொண்டு முடித்தது. ஃபில்பி செய்ததெல்லாம் விலையை ஏற்றிவிட்டதுதான். 25,000 பவுன் வித்தியாசத்தில் ஒரு சாம்ராஜ்யம் தோற்றதென்றால், அதை ஃபில்பியின் தலையில் கட்டுவது லண்டன் இயக்குநர்களைக் காப்பாற்றும் வேலை. என் கணக்கில் இந்த அத்தியாயத்தின் வில்லன்கள் அவர்கள்தான்.

இப்னு சவூதே ஆங்கிலேயரை நம்பாமல், காலனி ஆசை இல்லாதவர்கள் என்று அமெரிக்கர்களைத் தேர்ந்தெடுத்தார் என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஈராக், டிரான்ஸ்ஜோர்டான், வளைகுடா ஷேக்குகள் என்று நாலு பக்கமும் பிரிட்டன் உட்கார்ந்திருக்க, அந்த அச்சம் அவருக்கு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் 1923-ல் இதே அல்-ஹஸாவுக்கான உரிமையை லண்டன் சிண்டிகேட் ஒன்றின் சார்பில் வந்த நியூசிலாந்துக்காரர் ஃபிராங்க் ஹோம்ஸுக்கு, ஆண்டுக்கு வெறும் 2,000 பவுண்டு வாடகைக்குக் கொடுத்தவரும் இவர்தான். அவர்கள் அழைத்து வந்த புவியியலாளர் அர்னால்டு ஹைம் இங்கே ஒன்றும் தேறாது என்று எழுதினார். வாடகை நின்றது, உரிமை காலாவதியானது. மாதம் 5,000 பவுண்டு கொடுத்துவந்த மானியத்தையும் 1924-ல் பிரிட்டன் நிறுத்திக்கொண்டது. அரசரின் கொள்கை எளிமையானது: தங்கம் கொண்டுவருபவர் யார்? லாங்ரிக் 40,000 வைத்திருந்தால் சோகால் அன்று மாலையே மூட்டை கட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1933 மே 29 அன்று நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் கையெழுத்திட்டார். 60 ஆண்டுகளுக்கு, சுமார் 3,60,000 சதுர மைல் நிலம். டன்னுக்கு 4 ஷில்லிங் தங்கம் ராயல்டி. அல்-ஹஸாவில் பேரீச்சை வளர்த்துக்கொண்டிருந்த ஷியா மக்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வேறொரு வாரத்துக்கான வழக்கு. கையெழுத்தானதும் புதுச் சிக்கல். ரூஸ்வெல்ட் அரசு தங்க ஏற்றுமதியைத் தடைசெய்திருந்தது. சோகால் விதிவிலக்கு கேட்டது. கருவூலத்தில் இருந்த டீன் அச்சிசன் முடியாது என்றார். பின்னாளில் அமெரிக்க வெளியுறவையே நடத்திய அதே அச்சிசன்தான்! கடைசியில் லண்டனில் 35,000 பவுன் காசு வாங்கி, பெட்டிகளில் அடைத்து, பிரிட்டிஷ் கப்பலிலேயே ஏற்றினார்கள். எல்லாம் ராஜா தலை போட்ட காசுகள். விக்டோரியா ராணி தலை இருந்தால் அரேபியச் சந்தையில் மதிப்புக் குறையும் என்று பயம். ஆகஸ்டில் ஜித்தாவின் டச்சு வங்கியில், ட்விட்செல் உட்கார்ந்து பார்க்க, மேசையில் கொட்டிக் காசு காசாக எண்ணினார்கள்.

அப்படியானால் இது வாஷிங்டன் போட்ட திட்டம் என்று இடதுசாரி நண்பர்கள் அடுத்த வாதத்தை எடுப்பார்கள். தங்கத்துக்கு அனுமதி மறுத்த அரசாங்கத்தின் மேல் அந்தப் பழியை எப்படிப் போடுவது? 1938-ல் தம்மாம் 7-ம் எண் கிணறு பொங்கிய பிறகும் ஜித்தாவில் அமெரிக்காவுக்கு ஒரு தூதரகம் கிடையாது, 1942-ல்தான் திறந்தார்கள். போரில் ஹஜ் வருமானம் மறுபடி படுத்து, அரசருக்குக் கடன் கொடுங்கள் என்று 1941-ல் கம்பெனி கெஞ்சியபோது, பிரிட்டன் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கு அது கொஞ்சம் தூரம் என்று ரூஸ்வெல்ட் ஒதுங்கிக்கொண்டார். எண்ணெய் அமெரிக்கக் கம்பெனியிடம், அரசரின் செலவு லண்டன் கணக்கில்! அதே ரூஸ்வெல்ட் 1943 பிப்ரவரியில் சவூதி அரேபியாவின் பாதுகாப்பு அமெரிக்காவின் பாதுகாப்புக்கே இன்றியமையாதது என்று எழுதிக் கையெழுத்திட்டார். இடையிலிருந்த 19 மாதங்களில் அவர் மனதை மாற்றியது எது என்பதையும், அரசரை 'க்வின்சி'க்கு அழைத்து வந்த 'மர்ஃபி' கப்பலின் மேல்தளத்தில் அவருக்குக் கூடாரம் அடித்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.