சூரிச் நிலமும் நானுஓயாக் காற்றும்

சுவிஸில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு நிலத்துச் சூட்டில் கதகதக்கும் வீடு அதிசயமல்ல. வீட்டோரம் நூறு, இருநூறு மீற்றர் ஆழத்துக்குத் துளையிட்டு, குழாயை இறக்கி, அதற்குள் உறையாத நீர்க்கரைசலைச் சுற்றவிடுகிறார்கள். அது கீழிருந்து கொண்டுவரும் சூட்டை வெப்பப் பம்பி வாங்கிக் கூட்டி, தரைக்கு அடியில் ஓடும் நீருக்குக் கொடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை முதுகுப் பக்கம் தள்ளும் அதே வேலைதான். இங்கே திசை மட்டும் மாறியிருக்கிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வரை சூடு கிடைக்கும். நிலத்திலிருந்து இப்படிச் சூடு எடுக்கலாம் என்று 1912இலேயே காப்புரிமை பெற்றவர் ஹைன்ரிஷ் சொல்லி என்ற சுவிஸ் பொறியியலாளர். 1938இல் சூரிச் நகர மண்டபத்துக்கு ஆற்று நீரிலிருந்தே சூடு எடுத்தார்கள்.

தை, மாசியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நுவரெலியாப் பக்கத்தில் இதைப் போட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதுதான். பதில் நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாக வந்தது.

சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை, அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சூரிச்சில் அது ஏறத்தாழ 10 பாகை. நுவரெலியாவுக்கு அருகே, 1,600 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கும் நானுஓயாவில் 16, 17 பாகை. ஆக, மண்ணைப் பொறுத்தவரை நாம்தான் பணக்காரர். ஆனால் பம்பிக்கு முக்கியம், எங்கிருந்து எதுவரை சூட்டை ஏற்றுகிறோம் என்ற இடைவெளி. தரைக்கு 35 பாகை நீர் தேவை என்று வைப்போம். சூரிச் மண்ணிலிருந்து 25 பாகை ஏற்ற வேண்டும். நானுஓயாவில், வெளியே 9, 10 பாகை நிற்கும் ஒரு வழக்கமான குளிர் இரவில், காற்றிலிருந்தே எடுத்தாலும் அதே 25தான்! நம் இரவுக் காற்று சூரிச்சின் மண்ணுக்குச் சமம். அங்கே குளிர்காலக் காற்று பூச்சியத்துக்குக் கீழே போய்விடுவதால்தான் பூமிக்குள் இறங்குகிறார்கள். இங்கே வெளிச்சுவரில் ஒரு பெட்டியை மாட்டினால் போதும். துளையிட்டால் இன்னும் கொஞ்சம் மின்சாரம் மிஞ்சும், உண்மை. ஆனால் ஆழத் துளைக்குக் கொட்டும் பணத்தை அந்த மிச்சம் எத்தனை வருடத்தில் திருப்பித் தரும்? கோடையில் அதே குழாயால் வீட்டைக் குளிர்விப்பது சுவிஸ்காரருக்குக் கூடுதல் இலாபம்; நானுஓயாவில் அது யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது வீடு. சூரிச் வீட்டின் சுவரும் கூரையும் சூட்டை விடாமல் பிடித்து வைப்பவை, ஜன்னல்கள் இரட்டை, மூன்று கண்ணாடி. இங்கே தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் தலைக்குமேல் தகரம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளி. பொழுது சாய்ந்ததும் தகரம் வானத்துக்குச் சூட்டை இறைத்துவிடும். அந்த இடைவெளியை அடைக்கவும் முடியாது. அடுப்பில் கவ்வாத்து மிலாறு எரிகிறதே, புகை எங்கே போகும்? இப்படிப்பட்ட அறைக்குள் எந்தப் பம்பி எவ்வளவு சூட்டை ஊற்றினாலும் விடியும்வரை நிற்காது. துரை பங்களாவின் நெருப்பிடமும் இந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரன் அல்ல. எரியும் விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போகிறது. விறகுக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லாதவர்கள் கட்டிக்கொண்டது அது.

மூன்றாவதாகக் காணி. இதைப் பொறியியல் நூல்கள் பேசுவதில்லை. சுவிஸில் துளையிட கன்டோன் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நிலத்தடி நீரைக் காக்க. இங்கே அதற்கு முன்னால் நிலம் யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. லயத்தில் தலைமுறைகளாக இருப்பவருக்கு வாசலில் குழி தோண்டவும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். லயங்களுக்குப் பதிலாக இந்திய உதவியில் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. ஆழத் துளைக்குப் பதிலாகச் சுருள் குழாயை ஒன்றரை மீற்றர் ஆழத்தில் கிடையாகப் புதைக்கலாம். சுவிஸ் அளவில் பார்த்தால் வீட்டின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நிலம் வேண்டும். கரட்டும் லீக்ஸும் போட்டிருக்கும் தோட்டத்தில் பாதிக்கு மேல் கிளற வேண்டிவரும். அதுவும் சரிவில்! மலையகத்தில் வீடு கட்டவே மண்சரிவு அபாயம் பார்த்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்று கண்டபிறகு, வீட்டுக்கு மேற்பக்கம் நீளமாக வாய்க்கால் வெட்டி மழைநீரை உள்ளே இறங்க விட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நானுஓயாவில் ஒரு குடும்பம் குளிருக்குப் பணம் செலவழிக்கப் போகிறதென்றால், முதலில் தகரத்துக்குக் கீழே சீலிங், அடுப்புக்கு ஒழுங்கான புகைபோக்கி, அதன்பின் சுவர் இடைவெளியை அடைப்பது. மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்குபவருக்குத் தினமும் உடனே வேண்டியது சுடுதண்ணீர். காற்றிலிருந்து சூடெடுக்கும் சிறிய பம்பி அதற்குப் பொருந்தும்.

சூரிச் முறைக்கு இந்த ஊரில் இடமே இல்லையா? உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் வீட்டில் அல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு ஈரமான நாட்களில் இளஞ்சூடான காற்று மணிக்கணக்கில் வேண்டும், 30 பாகையை ஒட்டி. குறைந்த சூடு, நீண்ட நேரம், வருடத்தில் பல நாட்கள். பம்பிக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். தோட்டக் கம்பனிக்குக் காணிப் பிரச்சினையும் இல்லை.