பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத் வரை

சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே தொழில் நிமித்தம் அடிக்கடி பிரயாணம் செய்பவன் நான். இரவெல்லாம் சார்மினார் எக்ஸ்பிரஸில் கழித்து, பொழுது விடிந்தபின் இறங்கிய நாட்கள் பல. இப்பொழுதோ ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்து வருகிறேன். செல்வர்க்கே உரியதாயிருந்த ஆகாய விமானம் என்னைப் போன்றவர்க்கும் எட்டியது எவ்வாறு? அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது? ஹைதராபாத்தின் சரித்திரமே இதற்கு விடை கூறும்.

நிஜாம் ஆட்சியில், 1930-களில், நகரத்தை ஒட்டிய பேகம்பேட்டையில் விமானத் தளம் அமைந்தது. நிஜாம் அரசும் டாட்டா நிறுவனமும் கூடி 1945-இல் டெக்கான் ஏர்வேஸ் என்னும் கம்பெனியைத் தோற்றுவித்தன. பல கம்பெனிகள் பெண் என்று மறுத்த பிரேம் மாத்துருக்கு விமானியாக வேலை கொடுத்த பெருமை இக்கம்பெனியைச் சாரும். ஆயினும் பிரயாணிகள் மிகச் சிலரே. 1953-இல் டெக்கான் ஏர்வேஸ் உள்ளிட்ட எட்டுக் கம்பெனிகள் அரசுடைமையாகி, இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. அதன் பின்னரும் சாமானியன் விமானத்தை அண்ணாந்து பார்த்தானேயன்றி, அதில் ஏறினானில்லை.

அரை நூற்றாண்டு கழிந்தபின் தக்காணத்தின் பெயர் மீண்டும் வானில் ஒலித்தது. 2003 ஆகஸ்டில், காப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் தன் முதல் விமானத்தை விட்டது. 'சூரரைப் போற்று' திரைப்படத்தின் வாயிலாகத் தமிழர் பலரும் அறிந்த வரலாறு இது. இலவச உணவு இல்லை. உயர் வகுப்பு இல்லை. தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, ஒரே விமானத்தை நாளில் பலமுறை பறக்கச் செய்தால் கட்டணம் தானே குறையும் என்பது அதன் கணக்கு. கணக்கு பலித்தது, மற்றவர்களும் அவ்வழியைப் பின்பற்றினார்கள்.

கூட்டம் பெருகவே பேகம்பேட்டை போதவில்லை. 2008 மார்ச்சில், நகரின் தெற்கே ஷம்ஷாபாத்தில், ஏறத்தாழ 5,500 ஏக்கர் பரப்பில், தனியாரும் அரசும் கூடி அமைத்த புதிய நிலையம் திறக்கப்பட்டது. பேகம்பேட்டையில் பொதுப் பிரயாணிகளின் போக்குவரத்து நின்றது.

இங்கேதான் பிரயாணியின் கணக்கு மாறுகிறது. விமானச் சீட்டின் விலை குறைந்தது. விமான நிலையமோ விலகிப் போயிற்று. காலை ஆறு மணி விமானத்துக்காக நான் மூன்று மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். அவ்வேளையில் வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகை சில நாட்களில் சீட்டு விலையின் பாதியை எட்டிவிடுகிறது. நிலையத்தின் வளர்ச்சிக் கட்டணம் சீட்டோடு சேர்கிறது. பெட்டியின் எடைக்கும் விரும்பிய ஆசனத்துக்கும் தனித்தனியே பணம். பொதுப் பேருந்து உண்டு. ஆனால் எல்லாப் பேட்டைகளுக்கும் இல்லை. ஒன்றேகால் மணி நேரப் பறப்புக்கு ஆறு மணி நேரம் செலவாகிறது.

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. சிற்றூர்களை வானில் இணைக்க வந்த 'உடான்' திட்டத்தின் முதல் விமானங்களில் இரண்டு, 2017 ஏப்ரல் 27-ஆம் நாள், கடப்பாவையும் நாந்தேடையும் ஹைதராபாத்தோடு இணைத்தன. ஒரு மணி நேரப் பறப்புக்குக் குறிப்பிட்ட ஆசனங்களின் கட்டணம் 2,500 ரூபாய்க்கு மிகலாகாது என்பது அன்றைய விதியாயிருந்தது. அவ்விரு தடங்களிலும் பறந்த ட்ரூஜெட், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 2022-இல் அது பறப்பதை நிறுத்திற்று. ஏர் டெக்கானோ அதற்கு முன்பே கிங்ஃபிஷரோடு கலந்தது. 2012-இல் கிங்ஃபிஷரும் நின்றது. பெருநகரத்தான் அடுத்த கம்பெனியின் விமானத்தில் ஏறிக்கொள்வான். சிறிய ஊரில் ஒரே விமானத்தை நம்பி மருத்துவத்துக்கும் வேலைக்கும் புறப்பட எண்ணியவன் என் செய்வான்?

மலிவான விமானத்தை நான் குறை கூறவில்லை. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் தெலங்கானா இளைஞனும், அவனை வழியனுப்பும் தாயும் ஷம்ஷாபாத்தின் வாயிலில் நிற்பதைக் காணும்போது, அந்த வாயில் அவர்களுக்கும் திறந்திருப்பது பெரும் பேறு என்றே எண்ணுகிறேன். ஆனால் பிரயாணத்தின் விலையை வானத்தில் மட்டும் கணக்கிடுதல் கூடாது. வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரை, பணத்தையும் பொழுதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இன்று தொடங்கிய தடம் அடுத்த ஆண்டும் இருக்குமா என்றும் கேட்க வேண்டும். சீட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம் என்று கம்பெனியும் அரசும் நிறைவடைந்துவிடலாகாது. நிலையத்துக்குப் போகும் வழியையும் மலிவாக்கினால்தான், அந்த இளைஞனுக்கு விமானம் உண்மையில் எட்டியதாகும்.