மூடிய உறைக்குள் கறுக்கும் வெள்ளி

1986 பிப்ரவரியில் அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் நாணய வணிகத்தில் புது வழக்கம் ஒன்றைத் தொடங்கியது. வல்லுநர்கள் நாணயத்தைப் பார்த்து 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறிப்பார்கள். பிறகு அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஓரங்களை மீயொலி அதிர்வால் உருக்கி ஒட்டிவிடுவார்கள். 1987இல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் அதே தொழிலில் இறங்கியது. சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்று அழைக்கும் இந்த உறையோடு ஒரு நம்பிக்கையும் பரவியது: உள்ளே போன வெள்ளி, போனபடியே இருக்கும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஸ்லாப் தடுக்க வந்தது ஆளை, காற்றை அல்ல. விற்கும்போது 65 என்று சொன்ன வணிகரே திரும்ப வாங்கும்போது 63 என்று இழுத்த காலம் அது. ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் விலை பல மடங்கு மாறும். நாணயத்தை மாற்றிவைக்க முடியாமல், குறித்த தரத்தை அதனோடு பிணைத்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வேலையை ஸ்லாப் நன்றாகவே செய்தது. வெள்ளியின் நிறத்தைக் காப்பது வேறு வேலை.

வெள்ளி நிறம் மாறுவது எப்படி என்பதை ஸ்லாபுக்கு முந்தைய கலங்களே காட்டிவிட்டன. 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921இலும் அச்சான மார்கன் டாலர் இதற்கு நல்ல சாட்சி. 26.73 கிராம் எடை, பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. அரசு மாதாமாதம் வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878இன் சட்டம் கட்டாயப்படுத்தியதால், மக்களுக்குத் தேவைப்படாத டாலர்கள் கோடிக்கணக்கில் குவிந்தன. ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டிக் கருவூலத்தில் அடுக்கினார்கள். பல பைகள் 1960களில்தான் வெளியே வந்தன. நடுவில் கிடந்த நாணயங்கள் பளிச்சென்றிருக்க, துணியை ஒட்டிக் கிடந்தவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சளும் ஊதாவும் நீலமும் ஏறியிருந்தன. சிலவற்றில் நெசவின் குறுக்குநெடுக்குக் கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். மேலே இன்னொரு நாணயம் படிந்து மறைத்த இடம் வெளுப்பாகவும், மறையாத இடம் பிறை வடிவில் வண்ணமாகவும் நிற்கும். பிறகு வந்த அட்டை ஆல்பங்களில் நாணயம் ஒரு துளைக்குள் பொருந்தி உட்காரும். அட்டை தொடுவது அதன் விளிம்பை. அங்கே நிறமும் விளிம்பில் தொடங்கி வளையம் வளையமாக உள்நோக்கி நகர்ந்தது. நாணயத்தின் மேலுள்ள வண்ணம், வாயு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கான வரைபடம்.

இதன் வேதியியல் எளியது. கொலுசு கறுப்பதும் இதே காரணத்தால்தான். காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்வரை அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு வண்ணம் காட்டுகிறது. தடிமன் கூடக்கூட இளமஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறி, கடைசியில் கருமையில் முடிகிறது. ஈரப்பதம் இதை விரைவுபடுத்தும். ஆக, கேள்வி இவ்வளவுதான்: கந்தகம் ஸ்லாபுக்குள் போக முடியுமா, அல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? இரண்டுக்கும் விடை ‘ஆம்’. பிளாஸ்டிக் கண்ணாடியைப் போல வாயுவை முழுக்கத் தடுப்பதில்லை. ஒட்டிய மூட்டிலும் நுண்ணிய இடைவெளி இருக்கலாம். உள்ளிருந்து வரும் ஆபத்தோ இன்னும் நேரடியானது. மங்கிய நாணயத்தைப் பளபளப்பாக்கத் தோய்க்கும் திரவங்களில் தயோயூரியா என்ற கந்தகச் சேர்மம் வழக்கமாக இருக்கிறது. சரியாக அலசாமல் உறையிலிட்டால், கறையின் விதையும் சேர்ந்தே மூடப்படுகிறது.

மூடிய பெட்டியே கெடுதல் செய்யக்கூடும் என்பதை அருங்காட்சியகங்கள் முன்பே அறிந்திருந்தன. காட்சிப் பேழைகளின் மரமும் துணியும் பசையும் விடும் ஆவி உலோகப் பொருள்களைக் கெடுப்பதை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஆடி 1973இல் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பேழைக்குப் பயன்படுத்தப்போகும் பொருளோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளையும் சிறிது நீரையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் பேழைக்கு ஆகாது. நன்றாக மூடிய கலம் உள்ளேயே பிறக்கும் ஆவியைத் தப்பவும் விடாது என்பது இதன் பாடம்.

ஸ்லாபுக்குள் வெள்ளி நிறம் மாறும் என்பதை மறுப்பவர்கள் முன்வைக்கும் வலுவான சான்று, முப்பது ஆண்டுக்கு மேல் பழைய உறையில் இருந்தும் வெள்ளை வெளேரென்று மிளிரும் டாலர்கள். அவை உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் வறண்ட ஊரின் வங்கிப் பெட்டகத்தில் கிடந்த நாணயம் மாறாதது, ஈரக் காற்று வீசும் கடற்கரை நகரத்து நாணயமும் மாறாது என்பதற்குச் சான்றாகாது. தவிர, இந்தச் சான்று ஏற்கெனவே வடிகட்டப்பட்டது. உறைக்குள் அசிங்கமாகக் கறை ஏறினால், உடைமையாளர் உறையை உடைத்து, நாணயத்தைத் திரவத்தில் தோய்த்துப் புதிய உறைக்கு அனுப்பிவிடுவது இந்த வணிகத்தில் அன்றாடம் நடப்பது. பழைய உறைகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மாறாதவையும் அழகாக மாறியவையும்தான். தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால் உறை குற்றமற்றதாகத்தான் தெரியும். இன்னொரு மறுப்பு, மாற்றத்துக்குக் காரணம் நாணயத்தில் ஒட்டியிருந்த மிச்சம்தான், உறை அல்ல என்பது. பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனாலும் உள்ளே நிறம் மாறுமா என்ற கேள்விக்கு அது ‘ஆம்’ என்ற விடையையே தருகிறது.

தரம் குறிக்கும் நிறுவனங்களின் நடத்தையும் இதையே சொல்கிறது. செம்பு நாணயங்களின் நிறத்துக்குக் கொடுத்துவந்த உத்தரவாதத்தை பி.சி.ஜி.எஸ். 2010 தொடக்கத்திலிருந்து நிறுத்திக்கொண்டது. செம்பு வெள்ளியைவிட எளிதில் மாறும் உலோகம். ஆனாலும் உறை மாற்றத்தை நிறுத்தும் என்றால் செம்பையும் நிறுத்தியிருக்க வேண்டும். புதிய வெள்ளி நாணயங்களில் பின்னாளில் தோன்றும் பால் நிறப் புள்ளிகளும் உறைக்குள்ளேயே வருகின்றன. அவற்றைத் தடுக்க கனடா நாணயச்சாலை 2018இல் தன் மேப்பிள் லீஃப் வெள்ளி நாணயங்களுக்கு மேற்பரப்புக் காப்பு முறை ஒன்றையே கொண்டுவந்தது. உறை போதும் என்றிருந்தால் அதற்குத் தேவை எழுந்திருக்காது.

உறைக்குள் வரும் மாற்றமெல்லாம் கேடு என்று சொல்லவும் முடியாது. வானவில் வண்ணம் ஏறிய மார்கன் டாலருக்கு வெள்ளை டாலரைவிடப் பல மடங்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மஞ்சளில் அழகாகத் தொடங்கிய அதே படலம் நிற்காமல் வளர்ந்தால் கருமையில்தான் போய் முடியும். அழகான நிலையில் அதை நிறுத்திவைக்கும் சக்தி உறைக்கு இல்லை. ஸ்லாபுக்குள் வைத்த சீட்டு, ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த நாணயம் எப்படி இருந்தது என்பதற்கான சான்றிதழ். அதற்குப் பிறகான காலத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. அந்தப் பொறுப்பு வைத்திருப்பவருடையது. ஈரமில்லாத இடம், கந்தகம் கலந்த ரப்பர் வளையமும் மலிவுக் காகிதமும் கம்பளித் துணியும் அருகில் இல்லாத பெட்டி, அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் கண் ஆகிய மூன்றும் அன்று துணிப்பைக்குத் தேவைப்பட்டன. இன்று ஸ்லாபுக்கும் தேவைப்படுகின்றன.