அளவு மாதிரி வானூர்தி

அளவு மாதிரி வானூர்தி என்பது உண்மையான வானூர்தி ஒன்றின் வடிவம், நிறம், குறியீடுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி அமைக்கப்படும் உருவம் ஆகும். இவ்வுருவங்களை ஒட்டி, வண்ணம் பூசி, நுணுக்கங்களைச் சேர்த்து முடிப்பது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக உள்ளது. தேசிய மாணவர் படையின் வான்பிரிவு மாணவர்கள் செய்து பறக்கவிடும் மாதிரிகள் இவற்றிலிருந்து வேறானவை. அவை பறக்க வேண்டியிருப்பதால் எடைக்கும் சமநிலைக்கும் முதலிடம் தரப்படுகிறது. மேசை மேல் நிற்கும் அளவு மாதிரியில் உண்மையோடு ஒத்திருப்பதே முதன்மையானது.

இக்கட்டுரை நெகிழியால் ஆன நிலை மாதிரிகளைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அரக்கோணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் வான்தளமான ஐஎன்எஸ் இராஜாளியின் வானூர்திகளிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

விகிதம்

1/144, 1/72, 1/48, 1/32 ஆகியவை பரவலாக வழங்கும் விகிதங்கள். இவற்றுள் 1/72 என்பது 6 அடியை 1 அங்குலமாகக் குறைப்பது. 6 அடி உயரமுள்ள விமானி இவ்விகிதத்தில் 1 அங்குல உயரமே இருப்பார்.

விகிதம் சிறிதாகும்போது பிழை பெரிதாகும் என்பதைத் தொடக்கநிலையினர் பலர் உணர்வதில்லை. 1/72 மாதிரியில் 0.1 மி.மீ. தடிப்பாக வண்ணம் பூசினால், அது உண்மையான வானூர்தியில் 7 மி.மீ.க்கும் மேலான பூச்சுக்குச் சமம். தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடு 0.2 மி.மீ. அகலமாக இருந்தால், உண்மையில் அது 14 மி.மீ. இடைவெளியைக் குறிக்கும். அத்தகைய இடைவெளியுடன் எந்த வானூர்தியும் பறப்பதில்லை. மெல்லிய பூச்சும் மெல்லிய கோடும் வலியுறுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

இங்கிலாந்தில் 1932 இல் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் மரத் தொகுப்புகள் 1/72 விகிதத்தைப் பரப்பின. 1936 இல் வந்த ஃப்ராக் பெங்குயின் தொகுப்புகள் நெகிழியால் ஆன முதல் வானூர்தித் தொகுப்புகளாகக் கருதப்படுகின்றன. அவை செல்லுலோசு அசிட்டேட்டால் ஆனவை என்பதால் காலப்போக்கில் வளைந்து கோணின. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி வானூர்திகளை அடையாளம் காணப் படைவீரர்களுக்குக் கற்பிக்க மாதிரிகள் தேவைப்பட்டன. அமெரிக்கக் கடற்படை 1942 இல் பள்ளி மாணவர்களிடம் 5 இலட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. போருக்குப் பின் பாலித்தைரீன் நெகிழி பரவியது. 1953 இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் மாதிரியோடு இப்பொழுதுபோக்கு எளிய விலையில் சிறுவர்களிடமும் சென்று சேர்ந்தது.

அமைக்கும் முறை

தொகுப்பில் உறுப்புகள் ஒரு நெகிழிச் சட்டத்தில் கோத்தபடி இருக்கும். அவற்றை முறுக்கிப் பிய்க்காமல் கூரிய வெட்டியால் நறுக்கி எடுத்து, ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்க்க வேண்டும். பாலித்தைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான் ஆகும். அது இரு விளிம்புகளையும் சற்றே உருக்கி ஒன்றாக்கி விடுகிறது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் காலணிப் பட்டறைகளில் புழங்கும் பசை தோலுக்கும் இரப்பருக்கும் மிக நன்று. ஆனால் நெகிழி விளிம்புகளின் நடுவே அது தனிப்படலமாக நின்று இணைப்பைத் தடிப்பாக்கும்.

இணைப்புகளில் எஞ்சும் இடைவெளியை அடைக்கச் சுவர் வண்ணக்காரர்களைப் போலவே பட்டி பார்க்கப்படுகிறது. காய்ந்தபின் நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கப்படுகிறது. அடிப்பூச்சு அடித்ததும் மறைந்திருந்த கீறல்கள் எல்லாம் வெளிப்படும். பலர் இக்கட்டத்தில்தான் பொறுமை இழக்கின்றனர். மூக்குச் சக்கரம் உடைய வானூர்திகளில் உடலை ஒட்டி மூடும் முன் மூக்கினுள் எடை வைக்க வேண்டும். மறந்தால் முடிந்த மாதிரி வால் தரையில் படும்படி உட்கார்ந்துவிடும்.

குறியீடுகள் நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டப்படும் படலங்களாக வருகின்றன. சொரசொரப்பான பரப்பில் இவற்றின் அடியில் காற்று தங்கி வெள்ளியாகத் தெரியும். ஆகவே முதலில் பளபளப்பான பூச்சு, பிறகு படலம், இறுதியில் மங்கல் பூச்சு என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. இந்திய வட்டக்குறியில் வெளிவட்டம் காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை. காவி மை மெல்லியதாக அச்சாகியிருந்தால் சாம்பல் நிறப் பரப்பில் பழுப்பாகிவிடும். அடியில் ஒரு வெள்ளை வட்டம் இட்டு இது சரிசெய்யப்படுகிறது.

தமிழ்நாட்டுத் தட்பவெப்பம் தனிக் கவனத்தைக் கோருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காற்றில் ஈரம் மிகும்போது தெளிக்கும் அரக்குப் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடக்கூடும். கோடையிலோ வண்ணம் பரப்பைத் தொடும் முன்னரே தூளாகக் காயும், தெளிப்பானின் முனையும் அடைபடும். நண்பகல் வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் மாதிரியை வைத்தால் நீண்ட இறக்கைகள் தொய்ந்து வளையும்.

அரக்கோணத்து வானூர்திகள்

இரண்டாம் உலகப்போர்க் கால வான்தளம் இருந்த இடத்தில் அமைந்த ஐஎன்எஸ் இராஜாளி, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனால் கடற்படைச் சேவையில் சேர்க்கப்பட்டது. அப்போது அரக்கோணம் வேலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் அது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. கடற்கரையிலிருந்து விலகி உள்நாட்டில், தொடருந்துச் சந்திப்புக்குப் பெயர்பெற்ற ஊரில் ஒரு கடற்படைத் தளம் இருப்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். நெடுந்தூரம் செல்லும் கனரக வானூர்திகளுக்கு நீண்ட ஓடுபாதை தேவை. அது இங்கு உள்ளது.

இத்தளத்தின் பெயரோடு ஒன்றிப்போனது துப்பொலேவ் டி.யு-142எம். சோவியத் ஒன்றியத்தில் உருவான இந்த நீர்மூழ்கி வேட்டை வானூர்திகள் எட்டு, 1988 இல் இந்தியாவுக்கு வந்தன. அல்பட்ரோஸ் எனப்படும் 312 ஆம் அணி இவற்றை முதலில் கோவாவிலும் 1992 முதல் அரக்கோணத்திலும் இயக்கியது. 2017 மார்ச் 29 அன்று இவை ஓய்வு பெற்றன.

மாதிரி அமைப்போருக்கு இது ஒரு கடினமான வானூர்தி. இறக்கை அகலம் சுமார் 50 மீ., நீளம் சுமார் 53 மீ. 1/72 விகிதத்தில் மாதிரி ஏறத்தாழ 69 செ.மீ. அகலமும் 74 செ.மீ. நீளமும் இருக்கும். வீட்டு அலமாரிகள் பெரும்பாலும் இதற்குப் போதா. நான்கு என்.கே-12 பொறிகளும் ஒவ்வொன்றும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சுழல் விசிறிகளைச் சுழற்றுகின்றன. ஒவ்வொரு விசிறிக்கும் நான்கு அலகுகள் என்பதால் மொத்தம் 32 அலகுகளைத் தனித்தனியே தேய்த்துச் சீராக்க வேண்டும். முன் விசிறியின் அலகுகளும் பின் விசிறியின் அலகுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல முறுக்கப்பட்டவை. இவற்றைக் கலந்துவிட்டால் எஞ்சிய வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அறிந்தவர் கண்ணுக்கு உடனே படும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தொகுப்பிலேயே உள்ளது. சீனாவின் ட்ரம்பெட்டர் நிறுவனம் 1/72 விகிதத்தில் வெளியிட்டது டி.யு-142எம்.ஆர் என்னும் வகை. அவ்வகையின் பணி நீர்மூழ்கிகளைத் தேடுவதன்று, நெடுங்கம்பி ஒன்றை வாலுக்குப் பின்னே இழுத்துச் சென்று சொந்த நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. வட்டக்குறியை மட்டும் மாற்றி ஒட்டினால் அது அரக்கோணத்து வானூர்தி ஆகிவிடாது. வயிற்றுப் பகுதியில் உள்ள கம்பிச் சுருள் கூட்டை நீக்கித் தேடு ரேடாரின் குவிமாடத்தைச் செய்து சேர்க்க வேண்டும். வால் துடுப்பின் உச்சியில், பின்னோக்கி நீளும் காந்தமானிக் கூம்பையும் அமைக்க வேண்டும். கடலடியில் உள்ள இரும்பு உடல் புவிக்காந்தப் புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தை அறியும் கருவி இது. வானூர்தியின் சொந்த உலோகத்தின் குறுக்கீடு குறைய வேண்டும் என்பதற்காகவே அது வாலின் கோடியில் வைக்கப்படுகிறது. உறுப்பின் பணியை அறிந்தவர் அதன் இடத்தைத் தவறவிடுவது அரிது.

டி.யு-142க்கு மாற்றாக வந்த போயிங் பி-8ஐ வானூர்திகளில் முதலாவது 2013 மே மாதத்தில் அரக்கோணத்தில் இறங்கியது. இது போயிங் 737-800 பயணிகள் வானூர்தியை அடிப்படையாகக் கொண்டது. எனவே ரசியாவின் ஸ்வெஸ்தா நிறுவனத்தின் 1/144 விகித 737-800 தொகுப்பிலிருந்து இதை உருவாக்க முயல்வோர் உண்டு. நிமிர்ந்த இறக்கை நுனிகளை வெட்டி, பின்னோக்கிச் சாய்ந்த நுனிகளைப் பக்கத்துக்கு ஏறத்தாழ 11 மி.மீ. நீட்ட வேண்டும். பயணிகள் சன்னல்களைப் பட்டியால் அடைக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ வகையில் இல்லாத வால் காந்தமானிக் கூம்பு இந்திய வகையில் உண்டு.

தொடங்குவோர் இவ்விரண்டையும் தவிர்ப்பது நல்லது. இராஜாளியில் உலங்கு வானூர்திப் பயிற்சிப் பள்ளியும் உள்ளது. அங்கு பயன்பட்ட சேத்தக், பிரெஞ்சு அலூவெத் 3 வகையைப் பெங்களூரில் உரிமம் பெற்றுத் தயாரித்ததே. அலூவெத் 3க்கு ஹெல்லர் நிறுவனத்தின் 1/72 தொகுப்பு வெளிவந்துள்ளது. அதன் சுழலி விட்டம் 15 செ.மீ. அளவே என்பதால் பிழை செய்து கற்க ஏற்றது.

சான்றுகள்

நுணுக்கம் சேர்ப்பவருக்குப் பசையைவிடப் புகைப்படமே இன்றியமையாதது. படைத்தளங்கள் 1923 ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியங்கள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட இடங்களாக உள்ளன. அங்கு இசைவின்றிப் படமோ வரைபடமோ எடுப்பது குற்றமாகும். இதனால் அரக்கோணத்து மக்கள் தம் கூரைகளுக்கு மேலே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கண்டும் கேட்டும் பழகிய வானூர்தியின் சக்கர அறை எப்படி இருக்கும் என்பதை, அவ்வூர் மாதிரி அமைப்பாளர் வெளிநாட்டு நூல்களில் தேட வேண்டியிருந்தது. அந்நூல்கள் காட்டியவை பெரும்பாலும் சோவியத் வானூர்திகளே.

இந்நிலை 2017 டிசம்பரில் ஓரளவு மாறியது. ஓய்வு பெற்ற டி.யு-142எம் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சாலையின் மறுபுறம் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம் உள்ளது. வேட்டை வானூர்தியும் நீர்மூழ்கியும் எதிரெதிரே நிற்கும் காட்சி அரியது. இங்கு பார்வையாளர் வானூர்தியைச் சுற்றி நடந்து தரைச் சக்கரங்களையும் விசிறிகளையும் அருகிலிருந்தே காணலாம்.

எனினும் வடிவத்துக்குத் தரும் நம்பிக்கையை நிறத்துக்கும் தருதல் ஆகாது. காட்சிக்கு நிறுத்தும் வானூர்திகளுக்கு மறுவண்ணம் பூசுவது வழக்கம். எழுத்துகளின் அளவும் இடமும்கூட அப்போது மாறிவிடுவதுண்டு. எனவே குறிப்பிட்ட ஓர் ஆண்டின் வானூர்தியை அமைப்பவர்கள், அது பறந்துகொண்டிருந்த காலத்தில் கடற்படை வெளியிட்ட நாளிட்ட படங்களையே நிறத்துக்கும் எண்ணுக்கும் சான்றாகக் கொள்கின்றனர்.