பிட்யூட்டரி: பெயரும் பொருளும்

மூளையின் அடியில், கபாலத்தின் எலும்புக் குழியொன்றில், பட்டாணிப் பிரமாணமாய், அரை கிராம் நிறையளவே கொண்டு அமர்ந்திருக்கும் பிட்யூட்டரிக்கு அந்த நாமம் வாய்த்தது, சளியைக் குறிக்கும் ‘பிட்யூட்டா’ என்னும் லத்தீன் பதத்தினால். மூளையில் ஊறும் கபம் இவ்வழியே வடிந்து நாசியை அடைகிறது என்ற கிரேக்க வைத்தியர் காலனின் கொள்கையை, 1543-இல் உடற்கூற்று நூல் வெளியிட்ட வெசாலியஸும் அங்கீகரித்தார். சளி மூக்கின் சவ்விலேயே உற்பத்தியாகிறது என்று 17-ஆம் நூற்றாண்டில் வைத்தியர் ஷ்னைடர் நிரூபித்த பின்பும் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. தமிழ் நூல்களிலும் ‘கபச் சுரப்பி’ என்றே வழங்குகிறது. பாவம், கபத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை!

மெய்யான காரியம் வேறு. மேலிருக்கும் ஹைப்போதலாமஸ் (‘தலாமஸ்’ எனில் கிரேக்கத்தில் உள்ளறை, ‘ஹைப்போ’ எனில் கீழ்) டி.ஆர்.எச். என்னும் ஹார்மோனைச் சூக்ஷ்மமான இரத்தக் குழாய்களின் வழியே அனுப்ப, பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனைச் சுரந்து கழுத்திலுள்ள தைராய்டை ஏவ, அது தைராக்ஸினை வெளியிட, இரத்தத்தில் தைராக்ஸின் மிகுந்ததும் மேலிரு ஸ்தானங்களும் தத்தம் சுரப்பைத் தாமே தணித்துக்கொள்கின்றன; தைராக்ஸின் குறைந்தாலோ பெருக்கிக்கொள்கின்றன. தைராய்டு தளர்ந்தவரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். அளவு பெரும்பாலும் உயர்ந்து காணப்படுவது இதனால்தான்.