பட்டம் வாங்க எழுதிய சிம்பொனி

இறுதியாண்டுத் திட்டம் என்று நாம் ஒப்படைக்கும் தடித்த அட்டைப் புத்தகத்தைப் பிறகு யாரும் திறப்பதில்லை. என்னுடையதை நானே திறந்ததில்லை. அதனால், டிமித்ரி ஷொஸ்டகோவிச்சின் முதல் சிம்பொனி லெனின்கிராட் இசைக் கல்லூரியில் பட்டம் பெற எழுதியது என்று தெரிந்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. 1926 மே 12 அன்று நிக்கோலாய் மால்கோ நடத்த, லெனின்கிராட் பில்ஹார்மோனிக் அதை அரங்கேற்றியது. எழுதியவருக்கு வயது 19. இரண்டாம் பகுதியை ரசிகர்கள் மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே புருனோ வால்டர் அதை பெர்லினுக்குக் கொண்டுபோனார்.

இந்தக் கதையை வழக்கமாக இப்படிச் சொல்வார்கள்: 1922இல் அப்பா இறந்தார், பையனுக்குக் காசநோய், குடும்பத்தைக் காப்பாற்ற மௌனப்படக் கொட்டகையில் பியானோ வாசித்தான், அந்தக் கஷ்டத்திலிருந்து சிம்பொனி பிறந்தது. இரண்டாம் பகுதியில் பியானோ திடீரென்று குதித்து ஓடுவதைக் கேட்டால் சினிமாத் துரத்தல் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் அந்த வேலை தன்னை எழுத விடாமல் உறிஞ்சுகிறது என்று அவரே புலம்பியிருக்கிறார். கடைசியில் விட்டும் விட்டார். வறுமை அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, நேரத்தைத்தான் பிடுங்கியது. கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அம்மா வேலைக்குப் போனார். கல்லூரி இயக்குநர் கிளாசுனோவ் இந்த மாணவனுக்காக அரசிடம் உணவு உதவி கேட்டு எழுதினார். இத்தனைக்கும் இவனுடைய இசை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிம்பொனியின் தொடக்கத்தில் சில சுரச்சேர்க்கைகளைத் திருத்தச் சொன்னார். பையன் முதலில் தலையாட்டிவிட்டு, அரங்கேற்றத்துக்கு முன் தன் பழைய வடிவத்தையே திரும்ப வைத்துக்கொண்டான். மால்கோவோ, ஒரு மாணவனின் தாள்கட்டை நம்பி முழு இசைக்குழுவையும் உட்கார வைத்தார்.

கேட்டுப் பாருங்க, அரைமணி நேரம்தான். ஒலியடக்கிய ஒற்றை டிரம்பெட் எதையோ கேட்பதுபோல் தொடங்கும், பசூன் வந்து சேர்ந்துகொள்ளும். ஆரவாரமே இல்லை. கடைசிப் பகுதியில் எல்லாரும் உச்சத்தில் முழங்கி நின்றபின், டிம்பனி மட்டும் தனியே அடிக்கும். கிளாசுனோவுக்குத் தலையாட்டிய பையனா இது என்று தோன்றும்.

இந்தச் சிம்பொனியை அவர் தன் நண்பர் மிக்கைல் க்வாட்ரிக்குச் சமர்ப்பித்திருந்தார். 1929இல் க்வாட்ரி சுட்டுக் கொல்லப்பட்டார். உணவு கேட்டு எழுத ஆளிருந்த அதே நாட்டில்தான் அதுவும் நடந்தது.

கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று நம் கூட்டங்களில் யாராவது சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. 19 வயதுப் பிள்ளை ஒன்று கையெழுத்துப் பிரதியோடு வந்தால், பிடிக்காவிட்டாலும் அதற்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?